நகையும் நலமும்

நுழையும்முன்

மனிதரை ஒன்றுசேர்ப்பதும் சிரிப்பு. ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைப்பதும் சிரிப்பு. ஒரே வகுப்பறையில், ஒரே நாளில் இவ்விரண்டையும் காண முடியும். சிரிப்பு உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தரும் என்று பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். எல்லாச் சிரிப்பும் நன்மை தருமா? தமிழ் இலக்கணமும் இன்றைய உளவியலும் இவ்வினாவுக்குத் தரும் விடைகளை இணைத்துப் பார்க்கிறது இப்பாடம்.

நகை வேறு, உவகை வேறு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் பிறர் காணுமாறு புலப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. இவ்வரிசையில் நகை முதலில் நிற்கிறது. உவகை இறுதியில் நிற்கிறது. சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒன்றே என நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். தொல்காப்பியரோ அவற்றைத் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்தார். மகிழ்ச்சியால் சிரிப்பவர் உண்டு. நாணத்தாலும் அச்சத்தாலும் சிரிப்பவர் உண்டு. பிறரை இகழும் எண்ணத்தால் சிரிப்பவரும் உண்டு. ஆகவே, ‘சிரித்தால் நலம் உண்டாகும்’ என்று பொதுவாகக் கூறிவிட இயலாது. எந்தச் சிரிப்பு என்று கேட்ட பின்னரே விடை கூற வேண்டும்.

நகை பிறக்கும் இடங்களையும் தொல்காப்பியர் வகுத்துக் காட்டுகிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அவை நான்கு. எள்ளல் என்பது இகழ்தல். இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்ளுதல். இதற்கு உரை வகுத்த பேராசிரியர், மேலும் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். இந்நான்கும் தன்னிடம் தோன்றுவன, பிறரிடம் தோன்றுவன என இருவகைப்படும் என்கிறார் அவர். ஒருவர் பிறரை எள்ளியும் சிரிக்கலாம். பிறரால் எள்ளப்பட்டபோது தாமும் சிரிக்கலாம். சிரிப்பின் முனை யாரை நோக்கி நிற்கிறது என்னும் இவ்வினா, இன்றைய உளவியலிலும் அடிப்படையான ஒன்றாகும்.

சிரிப்பு எவ்வாறு எழுகிறது?

மேலைநாட்டு மெய்யியலாளர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். தாமஸ் ஹாப்ஸ் 1651ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லெவியத்தான்’ என்னும் நூலில், பிறரிடம் ஒரு குறையைக் கண்டு, அவரைவிட நாம் மேலானவர் என்று திடீரென உணர்கையில் சிரிப்பு எழுகிறது என்று கருதினார். இது எள்ளலுக்குப் பொருந்தும் விளக்கம். இம்மானுவேல் காண்ட் 1790ஆம் ஆண்டு வேறொரு விளக்கம் தந்தார். மனம் ஒன்றை எதிர்பார்த்து நிற்க, அவ்வெதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு பிறக்கிறது என்றார். சிக்மண்ட் ஃப்ராய்டு 1905இல் எழுதிய நூலில், அடக்கி வைத்திருந்த மன ஆற்றல் வெளியேறும் வழியாக நகைச்சுவையைக் கண்டார்.

ஒரு குழந்தையின் சிரிப்பைக் கொண்டு இதனை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். தாய் முந்தானையால் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பின்னர்ச் சட்டென்று விலக்குகிறாள். குழந்தை கலகலவெனச் சிரிக்கிறது. அதே செயலை முன்பின் அறியாத ஒருவர் செய்தால் அக்குழந்தை வீறிட்டு அழக்கூடும். இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே, திடுக்கிடலும் ஒன்றே. முன்னதில் தனக்குத் தீங்கு நேராது என்னும் நம்பிக்கை இருக்கிறது. பின்னதில் அந்நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் ஆகியோர் 2010இல் முன்வைத்த கருத்தும் இதுவே. இயல்பான ஒழுங்கு மீறப்பட வேண்டும். அம்மீறல் தீங்கற்றது என்னும் உணர்வும் உடனிருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர நிகழும்போதே சிரிப்பு பிறக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ஒரு சொல் கேலியா, காயமா என்பதைச் சொன்னவர் மட்டும் முடிவு செய்ய இயலாது. சொன்னவருக்கு அது தீங்கற்றதாகத் தோன்றலாம். கேட்டவருக்கு அவ்வாறு தோன்றாதிருக்கலாம். ‘விளையாட்டுக்குத்தான் சொன்னேன்’ என்னும் விளக்கம் பல நேரங்களில் பயனற்றுப் போவதற்குக் காரணம் இதுவே.

கூடிச் சிரித்தல்

சிரிப்பு தனிமனிதச் செயலன்று, கூட்டுச் செயல். அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், கடைவீதிகளிலும் பொது இடங்களிலும் இயல்பாக நிகழ்ந்த 1200 சிரிப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். அவற்றுள் வேடிக்கைப் பேச்சைத் தொடர்ந்து எழுந்தவை ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்பன போன்ற சாதாரணச் சொற்களுக்கே மக்கள் மிகுதியாகச் சிரித்தனர். தனியே இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்றும் அவர் கண்டறிந்தார். ‘நான் உன்னோடு இருக்கிறேன், நமக்குள் பகையில்லை’ என்று உணர்த்தும் மொழியாகவே சிரிப்பு பெரும்பாலும் பயன்படுகிறது.

இக்கூட்டுச் சிரிப்பு உடலிலும் மாற்றத்தை விளைவிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தவர்களின் வலி தாங்கும் திறன் உயர்ந்திருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்னும் இயற்கை வலிநீக்கிப் பொருளே இதற்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினர். பின்லாந்து நாட்டின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2017இல், நெருங்கிய நண்பர்களுடன் சேர்ந்து சிரித்தவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, இவ்வகைப் பொருள்கள் சுரப்பதைக் காட்டினர்.

தெரிந்து தெளிவோம்

குழந்தைகள் பிறந்த மூன்று அல்லது நான்கு மாதங்களில், பேசத் தொடங்குவதற்கு வெகு முன்னரே வாய்விட்டுச் சிரிக்கின்றனர். மும்பையைச் சேர்ந்த மருத்துவர் மதன் கட்டாரியா 1995ஆம் ஆண்டு ஒரு பூங்காவில் ஐந்து பேருடன் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் பரவியுள்ளது.

சிரிப்பு மருந்தாகுமா?

‘சாட்டர்டே ரிவ்யூ’ என்னும் அமெரிக்க இதழின் ஆசிரியர் நார்மன் கசின்ஸ் 1964இல் மூட்டுகளையும் முதுகெலும்பையும் தாக்கும் கடும் நோய்க்கு ஆளானார். மருத்துவரின் ஒப்புதலுடன் மருத்துவமனையை விட்டு நீங்கி, விடுதி அறையில் தங்கி, நகைச்சுவைப் படங்களைப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று பின்னர் எழுதினார். 1976இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அக்கட்டுரையும், 1979இல் வெளியான நூலும் உலகெங்கும் பேசப்பட்டன.

இவ்வனுபவம் நம்பிக்கையூட்டுவது. எனினும், அது தனி ஒருவரின் அனுபவம். அவர் அக்காலத்தில் வைட்டமின் சி சத்தையும் பெருமளவில் எடுத்துக்கொண்டார். எது எந்த அளவுக்குப் பயன் தந்தது என்று அந்த ஒரு நிகழ்வைக்கொண்டு பிரித்தறிய இயலாது. இதற்கு மாறான சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் ஏறத்தாழ 1500 சிறுவர் சிறுமியரைத் தெரிவு செய்து ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். அவர்தம் வாழ்நாளை ஆராய்ந்து ஹோவர்டு ஃப்ரீட்மனும் பிறரும் 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். இளமையில் கலகலப்பும் நகைச்சுவை உணர்வும் மிக்கவராக இருந்தோர், மற்றவரைவிடச் சற்றுக் குறைவான காலமே வாழ்ந்திருந்தனர். பொறுப்புணர்வு மிக்கவரே நீண்ட நாள் வாழ்ந்திருந்தனர். எனவே, சிரிப்பு மருத்துவத்துக்கு மாற்றாகாது. அது வலியைத் தணிக்கும். துன்பத்தைத் தாங்கத் துணைநிற்கும். அதன் எல்லையை அறிந்து போற்றுவதே அறிவுடைமை.

நால்வகை நகைச்சுவை

‘எந்தச் சிரிப்பு?’ என்னும் நம் வினாவுக்குக் கனடா நாட்டு உளவியலாளர் ராட் மார்ட்டின் தெளிவான விடை தந்தார். அவரும் அவருடைய குழுவினரும் 2003இல் 32 கூற்றுகள் கொண்ட ஒரு வினாநிரலை உருவாக்கினர். அதன்வழி மனிதர்கள் அன்றாட வாழ்வில் நகைச்சுவையைப் பயன்படுத்தும் முறைகளை நான்காகப் பிரித்தனர். உறவை வளர்ப்பது, தன்னைத் தேற்றுவது, பிறரைத் தாக்குவது, தன்னைத் தாழ்த்துவது என அவற்றைத் தமிழில் குறிக்கலாம்.

பள்ளியில் நிகழக்கூடிய ஒரு நிகழ்ச்சியைக்கொண்டு இவற்றைக் காண்போம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவி ஒருத்தி செய்தி வாசிக்கிறாள். ‘அமைச்சர் பாலத்தைத் திறந்து வைத்தார்’ என்பதற்குப் பதிலாக, ‘அமைச்சர் பாலத்தை மறந்து வைத்தார்’ என்று வாசித்துவிடுகிறாள். கூட்டம் சிரிக்கிறது.

வகுப்புக்குத் திரும்பும் வழியில் தோழி ஒருத்தி, “பாலத்தை எங்கே மறந்து வைத்தாராம்? தேடிக் கொடுத்தால் நாமும் ஊருக்குப் போகலாமே!” என்கிறாள். வாசித்தவளும் சேர்ந்து சிரிக்கிறாள். இது உறவை வளர்க்கும் நகைச்சுவை.

மாலையில் வீட்டுக்கு நடந்து செல்லும்போது அம்மாணவி தனக்குள், ‘பாலத்தையே மறந்து வைக்கும் அமைச்சரை இவ்வுலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை எனக்கே உரியது’ என்று எண்ணிப் புன்னகைக்கிறாள். கூச்சம் குறைகிறது. மறுநாள் மீண்டும் வாசிக்கும் துணிவு வருகிறது. இது தன்னைத் தேற்றும் நகைச்சுவை.

வகுப்பில் சிலர் அன்றுமுதல் அவளுக்கு ‘மறதி’ என்று பட்டப்பெயர் சூட்டுகின்றனர். அவள் எழுந்து நின்றாலே அவளுடைய குரலைப்போல் பேசிக் காட்டுகின்றனர். இது பிறரைத் தாக்கும் நகைச்சுவை.

சில வாரங்கள் சென்றபின், பிறர் சொல்லும் முன்னர் அவளே, “என்னைப்போல் மக்கு எங்கும் கிடைக்காது, எனக்கு எழுத்துக்கூட்டவே வராது” என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்கிறாள். எல்லாரும் சிரிக்கின்றனர், அவளும் சிரிக்கிறாள். இது தன்னைத் தாழ்த்தும் நகைச்சுவை.

நிகழ்ச்சி ஒன்று; சிரிப்புகள் நான்கு. முதல் இரண்டும் மிகுந்தவரிடம் தன்மதிப்பு உயர்ந்தும், மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தும் காணப்படுகின்றன. பிறரைத் தாக்கும் நகைச்சுவை மிகுந்தவரிடம் பகையுணர்வு மிகுந்திருக்கிறது. தன்னைத் தாழ்த்தும் நகைச்சுவை மிகுந்தவரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்துள்ளன. இவற்றுள் எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல இயலாவிட்டாலும், சிரிப்பின் அளவைவிட அதன் வகையே நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பது தெளிவாகிறது.

எள்ளலின் முனை

எள்ளல் முழுவதும் தீயதா எனில், அன்று. அது யாரை நோக்கி, எதன்பொருட்டு எழுகிறது என்பதே அதன் தன்மையை முடிவு செய்கிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டார். தொண்டைமானின் படைக்கருவிகள் நெய் பூசப்பெற்று அழகுற விளங்குவதையும், அதியமானின் கருவிகள் போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடினார். புகழ்வதுபோல் அமைந்த அப்பாடல், போர்ப் பழக்கமில்லாதவன் போருக்கு எழலாகாது என்று உணர்த்தியது. புறநானூற்றின் 95ஆம் பாடலாக அது அமைந்துள்ளது. அங்கே எள்ளல் வலியவனை நோக்கி எழுந்தது; போரைத் தவிர்க்கும் நோக்கம் கொண்டிருந்தது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்து 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ கதைப்பாட்டு, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயர்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. சிரித்தவர்களின் ஏளனம் அச்சிறுவன்மீது பாயவில்லை. அவனுக்குக் கல்வியை மறுத்த வழக்கத்தின்மீது பாய்ந்தது.

பள்ளிகளில் சூட்டப்படும் பட்டப்பெயர்களோ பெரும்பாலும் இதற்கு மாறானவை. நிறம், உயரம், உடற்பருமன், திக்குவாய், குடும்பத்தின் தொழில், பிறந்த ஊர் ஆகிய தாமே மாற்றிக்கொள்ள இயலாதவற்றை அவை குறிவைக்கின்றன. கைப்பேசியில் பரவும் கேலிப் படங்கள் இன்னும் கொடியவை. வகுப்பறையில் எழுந்த கேலி மணி அடித்தவுடன் முடிந்துவிடலாம்; கைப்பேசிக் கேலி வீட்டுக்குள்ளும் நுழைந்து இரவிலும் தொடர்கிறது. விளையாட்டாகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று ‘பண்புடைமை’ அதிகாரத்தில் (குறள் 995) வள்ளுவர் எச்சரித்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாறு இகழாதிருப்பதை அவர் பண்பின் அடையாளமாகக் காண்கிறார்.

புன்னகைக்குப் பின்னால்

தன்னைத் தாழ்த்திப் பிறரைச் சிரிக்க வைப்பவரை நாம் ‘கலகலப்பானவர்’ என்று பாராட்டுகிறோம். அவருடைய உள்ளத்தில் நிகழ்வது நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட நூலில் முகத்தசைகளின் இயக்கத்தை ஆராய்ந்தார். இதழ்க்கடையை உயர்த்தும் தசையை நம் விருப்பப்படி இயக்கலாம். உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்குகிறது என்று அவர் கண்டார். வாய் மட்டும் சிரிப்பதற்கும் முகமெல்லாம் சிரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முகம் மட்டும் மலரப் பழகுவது நட்பாகாது, உள்ளமும் மலரப் பழகுவதே நட்பு என்னும் கருத்தை வள்ளுவர் ‘நட்பு’ அதிகாரத்தில் (குறள் 786) வைத்துள்ளார்.

ஆகவே, எப்போதும் தன்னையே கேலி செய்துகொள்ளும் நண்பரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடாமல், தனியே அமர்ந்து, ‘அப்படி ஏன் சொல்கிறாய்?’ என்று கேட்பது நட்பின் கடமை. அந்த ஒரு கேள்விக்காக அவர் நெடுநாள் காத்திருந்திருக்கலாம். உள்ளத்தின் சுமை மிகுதியெனத் தோன்றினால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காமல் கூற வேண்டும். ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416, கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குகிறது.

இடுக்கணில் நகுதல்

துன்பம் வரும்போது சிரிக்குமாறு ‘இடுக்கணழியாமை’ அதிகாரத்தின் முதற்குறளில் (குறள் 621) வள்ளுவர் கூறுகிறார். துன்பத்தை வெல்வதற்கு அதனினும் சிறந்த வழி வேறில்லை என்பது அவர் கருத்து. இயலாத ஒன்றைக் கூறுகிறாரோ என்னும் ஐயம் எழலாம். இருபதாம் நூற்றாண்டின் கொடிய சூழல் ஒன்றில் வாழ்ந்த ஒருவரின் அனுபவம் அவ்வையத்தைப் போக்குகிறது.

வியன்னா நகர மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கிள், யூதராகப் பிறந்த காரணத்தால் 1942இல் நாஜிகளால் சிறைப்பிடிக்கப்பட்டு, 1945 வரை வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார். பசியும் குளிரும் கடும் உழைப்பும் சாவும் சூழ்ந்த அவ்விடத்தில், உடன் உழைத்த நண்பர் ஒருவருடன் அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். விடுதலைக்குப் பின் நிகழக்கூடிய ஒரு வேடிக்கை நிகழ்ச்சியை நாள்தோறும் ஒன்றேனும் கற்பனை செய்து சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வுடன்பாடு. முகாமில் வழங்கப்பட்ட நீர்த்த சாற்றில் பட்டாணி அடியில்தான் கிடக்கும். ஆகவே, அகப்பையை அடிவரை விட்டு ஊற்றமாட்டார்களா என்று கைதிகள் ஏங்குவர். ‘விடுதலையான பிறகு ஒரு பெரிய விருந்துக்குச் செல்வோம், அங்கும் நம்மை மறந்து, அடியிலிருந்து ஊற்றுங்கள் என்று விருந்தளிக்கும் அம்மையாரைக் கெஞ்சுவோம்’ என்று அவர்கள் கற்பனை செய்து சிரித்தனர். 1946இல் வெளியான தம் நூலில் ஃப்ராங்கிள் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இச்சிரிப்பு பசியைப் போக்கவில்லை, காவலையும் தளர்த்தவில்லை. ஆயினும், துன்பத்துக்கும் அவர்களுக்கும் இடையில் சிறிது இடைவெளியை உண்டாக்கியது. அவ்விடைவெளியில் நின்று, தம் நிலையைச் சில நொடிகளேனும் வெளியிலிருந்து காண அவர்களால் முடிந்தது. விடுதலை பெற்ற ஒரு நாளையும் அக்கற்பனை அவர்கள் கண்முன் நிறுத்தியது. ஃப்ராய்டு 1927இல் எழுதிய கட்டுரையில், அஞ்சி நிற்கும் குழந்தையை ஒரு பெரியவர் தேற்றுவதுபோல, மனத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைத் தேற்றுவதே நகைச்சுவை என்று விளக்கினார். வள்ளுவர் கூறும் நகையும் இத்தகையதே. துன்பமே இல்லை என்று பொய்யாக நடிப்பதன்று அது; துன்பம் நம்மைவிடப் பெரிதன்று என்று கண்டுகொள்வது.

இருவரும் அச்சிரிப்பைத் தனித்தனியே சிரிக்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தனர். யாரையும் தாழ்த்தவில்லை, தம்மையும் தாழ்த்திக்கொள்ளவில்லை. உறவை வளர்க்கும் நகையும் தன்னைத் தேற்றும் நகையும் அங்கே ஒன்றாயின. நலம் தரும் சிரிப்பை அடையாளம் காண நமக்கு இதுவே அளவுகோல். சிரித்து முடித்தபின், அங்கிருந்தோர் அனைவரும் முன்னைவிட நெருங்கி நிற்கின்றனரா, அல்லது யாரேனும் ஒருவர் விலகித் தலைகுனிந்து நிற்கிறாரா என்று சுற்றிப் பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பார்த்த திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளுள் இரண்டினைத் தெரிவு செய்து, அவை நால்வகை நகைச்சுவையுள் எவ்வகையின என்று காரணம் கூறி வகைப்படுத்துக.

2. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றுக்கு அன்றாட வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருக.

3. ‘பட்டப்பெயர் அன்பின் அடையாளமா? இகழ்ச்சியின் அடையாளமா?’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. உங்களுக்குக் கூச்சம் தந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை, உங்களையோ பிறரையோ தாழ்த்தாமல், படிப்போர் சிரிக்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.